சூடம் வாங்காத வீடுகள்

என் பொண்டாட்டி எந்தச் சாமியைக் கும்பிடுகிறாள் என்பதை என்னைத் தவிர ஊரே எண்ணிக்கொண்டிருந்தது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். தொண்ணூற்றாறில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது எங்கள் ஊர்த் தலைவர் பதவியை எஸ்.சி. பெண்களுக்கு என்று ஒதுக்கினார்கள். மாரிக்கனி நிற்கிறேன் என்றாள். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

நான் வீரபத்திரன். அருப்புக்கோட்டையில் பருத்தி கோடவுனில் லோடு தூக்குகிறேன். கட்சியில் காலனிக் கிளைச் செயலாளர். கொடிக்கம்பம் நட்டது நான், போஸ்டர் ஒட்டியது நான், போலீஸ் ஸ்டேஷனில் குத்தவைத்து உட்கார்ந்தது நான். கடைசியில் வேட்பாளர் என் பொண்டாட்டி! சரி, பெண்களுக்கு ஒதுக்கிய இடம், அதற்கு என்ன செய்வது. ஆனால் அவள் பதவிக்கு ஆசைப்பட்டு நிற்கவில்லை என்பதை எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். அவளுக்கு வேண்டியது சுடுகாட்டுப் பாதை. வேறொன்றும் இல்லை.

எங்கள் ஊர் பரளச்சிக்குக் கிழக்கே. கரிசல் பூமி. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. காலனியிலிருந்து சுடுகாட்டுக்குச் சர்க்கார் பாதை ஒன்று உண்டு. அதன் மேல் மளிகைக்கடை ராஜகுரு பருத்தி போட்டுவிட்டார். அதனால் நாங்கள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கிச் சுற்றிப் போவோம். தேர்தலுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி அடைமழையில் என் அம்மா செத்துப்போனாள். இந்த ஒரு தடவை மட்டும் பாதை வழியாக விடுங்கள் என்று மாரிக்கனி ராஜகுருவின் கடை வாசலில் போய் நின்று கேட்டாள். "செடி மிதிபட்டுரும்" என்றார் மனிதர். ஓடையில் தொடை வரைக்கும் சகதி. வழுக்கிப் பாடை சாய்ந்து, என் அம்மா முகத்தில் சேறு அப்பியது. அதை நான் இன்றைக்கு நினைத்தாலும் யாரையாவது அடிக்கத் தோன்றும்.

அன்றைக்குச் சாய்ந்த பாடைக்கு ஓடிவந்து தோள் கொடுத்த வெளியூர்க்காரர் ஒரே ஒருவர்தான். பாஸ்டர் அருஞ்சுனை. சாத்தான்குளம் பக்கத்துக்காரர், அப்போதுதான் எங்கள் காலனி ஓரத்தில் ஓலைக் கொட்டகை போட்டு ஜெபம் நடத்த ஆரம்பித்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரிக்கனி கொட்டகைக்குப் போனாள். அப்புறம் நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் பாசிமணி இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. நமக்குக் கட்சி, அவளுக்கு ஜெபம்.

இப்போதுதான் வினை வந்தது. எஸ்.சி. இடத்தில் நிற்கிறவர் கிறிஸ்தவராக மாறியிருந்தால் மனு செல்லாது. மதம் மாறினால் சலுகைப் பட்டியலை விட்டே வெளியே போய்விடுவோம். அதாவது மாரிக்கனி கிறிஸ்தவள் என்று யாராவது காட்டிவிட்டால் பதவியும் போச்சு, பாதையும் போச்சு.

ராஜகுருவுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. கடைக்குப் பின்னாலிருந்த அவருடைய கோடவுனில் மூட்டை தைக்கிறவன் பொண்டாட்டி சண்முகவடிவு, எங்கள் காலனிப் பிள்ளைதான். அந்தப் பிள்ளையைப் பிடித்து எதிர்த்து நிறுத்திவிட்டு, என்னைக் கடைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். போனேன்.

"என்னப்பா வீரபத்திரா, ஒங்க காலனியில நாப்பது வீடு அல்லேலூயா ஆயிருச்சு போலயே?"

"யாரு மொதலாளி எண்ணுனது?"

"நான்தேன். சூடம் விக்கிறவனுக்குத் தெரியாதா? அரிசி வாங்குறாக, எண்ண வாங்குறாக, புளி வாங்குறாக. சூடம் மட்டும் வாங்கல. பத்தி வாங்கல. மூணு வருசமா நாப்பது வீட்ல இருந்து ஒரு கட்டிச் சூடம் கேட்டு வரல. அப்ப அந்த வீட்ல எந்தச் சாமி இருக்கு? நீயே சொல்லு."

அசந்துபோனேன் ஐயா. சர்க்கார் வீடு வீடாக ஆள் அனுப்பி எண்ணுகிறது. இந்த ஆள் கல்லாவில் உட்கார்ந்தபடியே எண்ணிவிட்டார்!

"அந்த நாப்பதுல ஒன் வீடும் ஒண்ணு" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஆவணி மாசம் மருதையில ஒரு ஜெபக்கூட்டத்துல ஒன் பொண்டாட்டி ஞானஸ்நானத்துக்குத் தண்ணிக்குள்ள எறங்குனத எங்க சொந்தக்காரரு ஒருத்தர் பாத்திருக்காரு. அசிங்கமாயிரும்ப்பா. மனுவ வாபஸ் வாங்கச் சொல்லு. காதும் காதும் வச்சாப்ல முடிச்சிருவோம்" என்றார்.

"அப்படி ஒண்ணும் இல்ல மொதலாளி" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஏனென்றால் ஆவணியில் மாரிக்கனி மதுரைக்கு உபவாச ஜெபத்துக்குப் போனது நிஜம். கடைசி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் தலை ஈரமாக இருந்தது. சேலை முந்தி ஈரமாக இருந்தது. என்ன என்று கேட்டதற்கு, "வெக்கையா இருந்துச்சு, பைப்புல தலைய நனச்சேன்" என்றாள். கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். என் பொண்டாட்டி பொய் சொல்லுகிற ஜாதி இல்லை. கொட்டகைக்குப் போக ஆரம்பித்த பிறகு பஸ்ஸில் மகன் சதீஸ்குமாரின் வயதைக்கூடக் குறைத்துச் சொல்லமாட்டேன் என்று முழு டிக்கெட் எடுக்கிறவள். அப்படிப்பட்டவள் கண்ணைத் திருப்பினால் என்ன அர்த்தம்?

நேரே பாஸ்டரிடம் போனேன். கொட்டகை மேல் ஏறிக் கீற்றுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பாஸ்டரு, எனக்கு ஒண்ணு தெரியணும். எது வரைக்கும் போனா ஒரு ஆளு கிறிஸ்தவன்?"

"ஸ்தோத்திரம் அண்ணே. அதுல படி இருக்கு. வசனத்தக் கேக்குறது ஒண்ணு. விசுவாசிக்கிறது ஒண்ணு. மனந்திரும்புறது ஒண்ணு. தண்ணியில முங்கி எழுந்திருக்கிறது ஒண்ணு. அதுக்கும் மேல பரிசுத்த ஆவியோட அபிஷேகம்."

"எங்க காலனியில அந்த மாதிரி எத்தன பேரு இருக்காக?"

ஒரு கீற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "என்னைய அனுப்புன மிஷனுக்கு நூத்தி அறுவதுன்னு சொல்லிருக்கேன்."

"நூத்தி அறுவதா! காலனியில பெரியாளுக மொத்தமே அம்புட்டுத்தேன் இருப்பாக!"

"கை தூக்குனவங்க எல்லாரும் சேத்திண்ணே. தெரை கட்டிப் படம் போட்டோம்ல? ஆண்டவர ஏத்துக்கிறவங்க கை தூக்குங்கன்னு கேட்டேன்ல? நீங்ககூடத் தூக்குனீங்களே."

அட, அன்றைக்கு நடந்தது வேறு. முன்னால் நின்று திரையை மறைத்த பயலை உட்காருடா என்று கை நீட்டினேன், அவ்வளவுதான். கட்சிக் கிளைச் செயலாளர், எனக்கே தெரியாமல் கிறிஸ்தவனாக இருந்திருக்கிறேன்! வந்த கோபத்தில் ஏணியை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன்.

"கொறச்சுச் சொன்னா இந்த ஊரே வேணாம்னு என்னைய வேற பக்கம் மாத்திருவாங்கண்ணே" என்றார். வெட்கப்பட்டுத்தான் சொன்னார்.

"சரி, தண்ணியில எறங்குனவுக எத்தன பேரு? அத மட்டும் சொல்லும்."

"ஒருத்தருமில்ல. முழுசா முங்கணும்ணே. ஒங்க கம்மாயில மடை ஒடஞ்சு முழங்காலுக்குக்கூடத் தண்ணி நிக்கல. அவுக அவுக ஊர்த் தண்ணியில, ஊரு பாக்க எறங்கணும்கிறது எனக்கு ஆசை. மழைக்குத்தேன் காத்துக் கெடக்கோம்."

"மாரிக்கனி மருதையில எறங்குனாளா?"

கீற்றைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "அத அவுககிட்டயே கேளுங்கண்ணே" என்றார். இறங்கவில்லை என்றால் இறங்கவில்லை என்று சொல்லவேண்டியதுதானே? அதற்கு எதற்கு மென்று முழுங்க வேண்டும்? அப்போதே முடிவு கட்டிவிட்டேன், இந்த ஆளும் அவளும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை கருப்பசாமி கோயிலில் கிடாவெட்டு. படைத்த கறியில் ஒரு பங்கைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போய் மாரிக்கனி முன்னால் வைத்தேன். தின்றால் இந்து, தின்னாவிட்டால் அந்தப் பக்கம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அவள் வாளியைத் திறந்து பார்த்தாள். மகனுக்கு ஒரு கரண்டி, எனக்கு இரண்டு கரண்டி வைத்துவிட்டுத் தனக்கு ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

"ஏன், ஒனக்கு?"

"யோவ், கறிய வச்சு மோப்பம் பிடிக்கவா வந்தீரு?"

"ஆமா. ஒரே வார்த்த சொல்லு. மருதையில எறங்குனியா, எறங்கலயா?"

"யாருக்குச் சொல்லணும்? ராஜகுருவுக்கா, ஒமக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

"அப்பச் சொல்லமாட்டேன்" என்றாள். அதோடு சரி, பேச்சு முடிந்தது. தட்டைக் கழுவப் போய்விட்டாள். நான் கறியை முழுவதும் தின்று தீர்த்தேன். அதில் ஒன்றும் கண்டுபிடிக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போகிற பொம்பளைகள் யாருமே படையல் கறி தின்பதில்லை. தண்ணீரில் இறங்காமலே தின்பதில்லை.

மனுப் பரிசீலனை அன்று யூனியன் ஆபீஸில் கூட்டம். மேஜைக்குப் பின்னால் அதிகாரி. ஒரு பக்கம் மாரிக்கனி, நான். மறு பக்கம் ராஜகுரு, அவருக்குப் பின்னால் சண்முகவடிவு. சண்முகவடிவு நெற்றியில் திருநீறும், ரூபாய் அகலத்துக்குக் குங்குமமுமாக வந்திருந்தாள். வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"மாரிக்கனி கிறிஸ்தவ மதத்துக்கு மாறுனவங்க சார். ஆட்சேபணை இருக்கு" என்றார் ராஜகுரு.

"ஆதாரம்?"

மதுரைச் சொந்தக்காரர் வரவில்லை. வர மாட்டேன் என்றுவிட்டாராம், கோர்ட்டு கேஸு என்று இழுப்பார்கள் என்று பயம். ராஜகுரு தொண்டையைச் செருமிக்கொண்டு தன் சூடக் கணக்கை எடுத்துவிட்டார். நாற்பது வீடு, மூன்று வருஷம், ஒரு கட்டிச் சூடம் இல்லை. அதிகாரி சிரிக்கவில்லை, நான் அவர் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். யோசிக்கிற மாதிரி இருந்தது.

மாரிக்கனி மெதுவாகக் கேட்டாள். "மொதலாளி, சண்முகவடிவு அக்கா ஒங்க கடையில சூடம் வாங்குறாகளா?"

ராஜகுரு திரும்பிச் சண்முகவடிவைப் பார்த்தார்.

அதிகாரி விடவில்லை. "சொல்லுங்க. அந்தம்மா வீடும் நாப்பதுல சேத்தியா?"

"அது வந்து சார்... சேத்திதேன்."

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்க கிறிஸ்தவரா?"

சண்முகவடிவு கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயோ சாமி, நான் கருப்பனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவ! அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல இருந்து சூடம் வாங்கியாந்து கொளுத்துறேன் சார்."

"உள்ளூர்ல கடை இருக்கும்போது அருப்புக்கோட்டைக்கு ஏன் போறீங்க?"

அவள் ராஜகுருவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, அழுகிற குரலில் கொட்டிவிட்டாள். "மாரிக்கனி மாமியா பொணத்துக்கு மொதலாளி வழி விடலைல சார். அன்னைக்கே காலனிப் பொம்பளைக எல்லாரும் பேசிக்கிட்டோம். அரிசி பருப்புக்கு வேற போக்கு இல்ல, வாங்கித்தேன் ஆகணும். சாமிக்குக் கொளுத்துறதும் செத்தவுகளுக்குக் கொளுத்துறதும் அந்தக் கடையில வாங்குறதில்லன்னு. என்னைய மன்னிச்சிருங்க மொதலாளி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருஷமாக என் வீட்டில் நடக்கிறது, எனக்குத் தெரியாது. காலனியில் எந்த ஆம்பளைக்கும் தெரியாது. ராஜகுரு முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மதம் மாறிவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தவருக்கு, தன் மேல் இருக்கிற ஆத்திரத்தைத்தான் எண்ணியிருக்கிறோம் என்று நாலு பேர் முன்னால் தெரிந்துபோயிற்று.

அத்தோடு விட்டிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அதிகாரி மாரிக்கனி பக்கம் திரும்பினார். "ஜெபத்துக்குப் போறீங்களாம்மா?"

"போறேன் சார்."

"ஞானஸ்நானம் எடுத்திருக்கீங்களா?"

சொல்லடி, சொல்லித் தொலையடி என்று எனக்குள் கத்திக்கொண்டிருந்தேன். மாரிக்கனி முந்தியை இழுத்து மூடிக்கொண்டு, "எடுக்கல சார்" என்றாள்.

மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. வெளியே வந்து எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள், எனக்கு மனசு ஒட்டவில்லை. அவள் முகத்தில் துளிச் சந்தோஷம் இல்லை. செத்த வீட்டிலிருந்து வருகிற மாதிரி வந்தாள். அப்படியானால் பொய் சொல்லிவிட்டாளா? பாதைக்காகச் சாமி மேல் பொய் சொல்லிவிட்டு, அதை நினைத்துப் புழுங்குகிறாளா?

ராஜகுரு சும்மா இருப்பாரா? நாற்பது வீடு இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் பாஸ்டரின் நூற்று அறுபது அவர் காதுக்கும் போயிருந்தது, அத்தனையும் பாஸ்டர் சொன்னால் விழுகிற ஓட்டு என்று கணக்குப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் பார்க்கிறேன், ஓலைக் கொட்டகைக்குப் புதுத் தகரம் வந்து இறங்குகிறது! கேட்டதற்கு, "ராஜகுரு குடுத்தாரு, நான் வாங்குனேன்ணே. ஓட்டப் பத்தி அவரு பேச வாயெடுத்தாரு, நான் ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டேன்" என்றார் பாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு வெளியே நின்று ஒட்டுக் கேட்டேன். "ஆண்டவர் யாரக் காட்டுறாரோ அவுகளுக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போய்விட்டார். ராஜகுரு அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார். நான் எங்களை ஏய்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். யாரைத்தான் நம்புவது அந்த ஊரில்?

ஓட்டு எண்ணினார்கள். மாரிக்கனி ஜெயித்தாள். ஜெபத்துக்குப் போகிறவர்கள் ஓட்டில் மட்டும் ஜெயிக்கவில்லை, தீச்சட்டி எடுக்கிறவர்கள் ஓட்டிலும் ஜெயித்தாள். சண்முகவடிவே தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை என்று அவள் புருஷன் பிராந்திக்கடையில் சொன்னான்.

தலைவி ஆனதும் ஆளுகளைக் கூட்டிக் கண்மாய் மடையை மண்மூட்டை போட்டு அடைத்தாள். பாதைக்குத் தீர்மானம் போட்டாள். சர்வேயர் வந்து அளந்து கல் ஊன்ற வேண்டும், அதற்குத் தேதி இழுத்துக்கொண்டே போனது. ராஜகுரு மனு மேல் மனு போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போதும் வேண்டியது ஒன்றுதான். மாரிக்கனி தண்ணீரில் இறங்க வேண்டும். இறங்கினால் கேஸு போட்டுப் பதவியைப் பறித்துவிடலாம், பாதை அப்படியே நிற்கும்.

கார்த்திகை பிறந்து மழை பிடித்தது. அடைத்த மடையில் தண்ணீர் ஏறி, கண்மாயில் நெஞ்சளவுக்கு நின்றது. பாஸ்டர் அருஞ்சுனை நாள் குறித்தார். இத்தனை காலம் காத்துக் கிடந்தவர்கள் எல்லோரும் இறங்கலாம் என்றார்.

அன்றைக்குக் காலையில் நான் கோடவுனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பஸ் ஏறவில்லை. கண்மாய்க் கரையில் கருவேல மரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். எட்டிப் பார்த்தால், கரையின் அந்தக் கோடியில் ராஜகுருவும் நிற்கிறார். கூட அருப்புக்கோட்டை ஸ்டூடியோக்காரன், கழுத்தில் கேமராவோடு.

கீழே பாட்டுப் பாடினார்கள். பாஸ்டர் வேட்டியோடு தண்ணீருக்குள் நின்றார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். முங்கி எழுந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார்கள். அப்படிச் சிரித்து அந்தப் பொம்பளைகளை நான் பார்த்ததில்லை. மாரிக்கனியின் தங்கச்சி அமுதவள்ளி இறங்கினாள். மாரிக்கனி கரை ஓரத்தில் மாற்றுச் சேலைகளைக் கையில் போட்டுக்கொண்டு நின்றாள். ஏறி வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகப் போர்த்திவிட்டாள். எல்லோரும் ஏறிய பிறகு பாஸ்டர் தண்ணீரில் நின்றபடியே அவளைப் பார்த்தார். கூப்பிடவில்லை, பார்த்தார். ஸ்டூடியோக்காரன் கேமராவைத் தூக்கினான்.

மாரிக்கனி தலையை ஆட்டினாள். இல்லை என்று.

பாட்டு முடிந்து கூட்டம் கலைந்தது. அவள் ஈரச் சேலைகளைப் பிழிந்து அள்ளிக்கொண்டு கரை ஏறினாள். நேரே நான் நின்ற கருவேலத்துக்கு வந்தாள். எப்போதோ பார்த்திருக்கிறாள்.

"நீங்களும் எண்ண வந்தீகளா?" என்றாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "அப்ப மருதையில நெசமாவே எறங்கலயா?" என்று கேட்டேன். பாருங்கள், அப்போதும் அதைத்தான் கேட்டேன்.

"வரிசையில நின்னேன். தொட்டி வரைக்கும் போனேன். எனக்கு முன்னால நின்னவ எறங்கிட்டா. பாதை ஞாபகம் வந்துச்சு. வரிசைய விட்டு வெளிய வந்துட்டேன். பஸ் ஏறுற வரைக்கும் அழுக நிக்கல. ஆளுக பாக்குறாகன்னு பைப்புல தலைய விட்டுக்கிட்டு நின்னேன். போதுமா?"

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க சந்தோசப்பட்டிருப்பீக. அத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

ஈரச் சேலைகளை நான் வாங்கிக்கொண்டேன். வீடு வரைக்கும் அவள் பின்னாலேயே நடந்தேன். ராஜகுரு இன்னும் கரையில் நின்றுகொண்டுதான் இருந்தார், அவள் திரும்பி வருவாள் என்று நினைத்தாரோ என்னவோ.

இனி இதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். தீரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் திருவிருந்து. தண்ணீரில் இறங்கினவர்களுக்கு மட்டும்தான் அப்பமும் திராட்சரசமும் என்பது அவர்கள் சட்டம். அந்த ஊரில் அதுவரை இறங்கினவர்களே இல்லை என்பதால் திருவிருந்தும் இருந்ததில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. மாரிக்கனிக்குக் குடை கொடுக்கப் போனவன், வாசலில் நின்று பார்த்தேன். இறங்கினவர்கள் எல்லோரும் வெள்ளைச் சேலை. பின்பாயில் அமுதவள்ளிக்குப் பக்கத்தில் மாரிக்கனி. அப்பத் தட்டு ஒவ்வொரு கையாக வந்தது. அமுதவள்ளி ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தது கூடப்பிறந்த அக்கா. அந்தப் பிள்ளை அக்கா முகத்தைப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலே கையை நீட்டித் தட்டை அந்தப் பக்கம் கொடுத்தாள்.

யாரோ ஒருத்தி முணுமுணுத்தாள். "பதவிக்காக ஆண்டவர விட்டவ."

எனக்கு வந்ததே ஆத்திரம்! செருப்போடு உள்ளே போய்விட்டேன். "ஏய், யாரு சொன்னது? ஒங்க பொணம் சேத்துல புரளக் கூடாதுன்னுதானடி அவ வெளிய உக்காந்திருக்கா! யோவ் பாஸ்டரு, அவளுக்கு ஒரு துண்டு குடுமய்யா! கூடி நின்னு ஓட்டு மட்டும் போடத் தெரியுதுல்ல?"

பாஸ்டர் எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "எனக்கு அதிகாரம் இல்லண்ணே" என்றார். மாரிக்கனி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஒங்கள யாரு உள்ள வரச் சொன்னா? அவுக சட்டம் அது. தெரிஞ்சுதான் நிக்கிறேன்."

"இப்படியே அஞ்சு வருசமா?"

"பாதைக்குக் கல்லு ஊனுற வரைக்கும். அப்பறம் அத எவனும் பிடுங்காம இருக்கிற வரைக்கும்" என்றாள். குடையை வாங்கி விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அந்த மாதம் முழுவதும் யோசித்தேன். எனக்குச் சாமி இல்லை, இன்றைக்கும் இல்லை, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். ஆனாலும் அடுத்த திருவிருந்து அன்று சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேலிக்கு வெளியே ராஜகுருவின் ஆள் ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய்ப் பின்பாயில் மாரிக்கனி பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். "எதுக்கு வந்தீக?" என்றாள் மெதுவாக. "சும்மாதேன்" என்றேன். அமுதவள்ளி கையிலிருந்து தட்டு எங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலாகத் தாண்டிப் போனது.